சிவகாசிப் பிள்ளைக்குப் பாய்மரப் படகு எதுக்கு என்று கேட்டவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசம் யாருக்கு இருக்கிறது என்பதும் ஒரு கேள்விதான். அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

போன வாரம் இதே பக்கத்தில் இரண்டு தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். ஐஸ்வர்யா நெடுஞ்செழியன், வர்ஷா கௌதம். 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில், இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் ‘ட்வென்டி நைனர்’ பாய்மரப் படகில் வெண்கலம் வாங்கியவர்கள். அதே வர்ஷா 2018இல் ஜகார்த்தாவில் ஸ்வேதா ஷெர்வேகரோடு சேர்ந்து ‘ஃபார்ட்டி நைனர் எஃப்எக்ஸ்’ படகில் வெள்ளி வாங்கினார். கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: “நம்ம விருதுநகர் மாவட்டப் பள்ளிகளிலிருந்தும் ஒரு பெண்கள் அணி, சனி ஞாயிறு நடக்கிற ஒரு பாய்மரப் படகுப் போட்டிக்குப் போக வேண்டும்.”

அவ்வளவுதான் எழுதினேன். வந்த பதில்களைப் பார்த்தால் நான் ஏதோ நிலாவுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொன்ன மாதிரி இருந்தது.

“டீச்சர், குடிக்கவே நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வருது, இதுல படகா?” என்றார் ஒருவர். “அது பணக்காரங்க விளையாட்டு” என்றார் இன்னொருவர். “பொம்பளப் பிள்ளைய கடல்ல விட்டுட்டு நாங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கணுமா?” என்று ஒரு தாய். “வெயில்ல கறுத்துப்போனா கட்டிக்கொடுக்கிறது யாரு?” என்று ஒரு அண்ணாச்சி. “முதல்ல சோறு, அப்புறம் சொகுசு” என்று ஒரு தோழர். எல்லாரும் நம்ம மக்கள்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லாமல் விட முடியாது.

முதலில் தண்ணீர்.

நம்ம மாவட்டத்தில் கடல் இல்லை, உண்மை. ஆனால் எத்தனை வருஷமாக இல்லை? 1985 மார்ச் வரைக்கும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். தொண்டியும் ராமேஸ்வரமும் நம்ம மாவட்டத்துக் கடல். என் பள்ளிச் சான்றிதழ்களில் மாவட்டம் என்ற இடத்தில் ‘இராமநாதபுரம்’ என்றுதான் இருக்கும். ஓர் அரசாணையில் மாவட்ட எல்லை மாறியது. விருதுநகரிலிருந்து ராமநாதபுரத்துக்கு இன்றைக்கும் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். திருச்செந்தூருக்கு வேன் பிடித்து விடிவதற்குள் போய்த் தலை முழுகி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற ஊர்க்காரர்கள் நாம். கடல் தூரம் என்ற சாக்கு சாமி கும்பிடும்போது வருவதில்லை. பிள்ளைகள் விளையாட்டுக்கு மட்டும் வருகிறது.

அதை விடுங்கள். கடலே வேண்டாம். இந்தியாவின் நடுவில் இருக்கிற மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்த மாநிலத்துக்குக் கடல் கிடையாது. அந்த மாநிலத்துப் பெண் ஹர்ஷிதா தோமர், 16 வயதில், 2018 ஆசிய விளையாட்டில் ஆண் பெண் பேதமில்லாத திறந்த பிரிவில் வெண்கலம் வாங்கினார். அடுத்து 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நேஹா தாகூர் வெள்ளி வாங்கினார். வயது 17. தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். இரண்டு பேரும் படகு பழகிய இடம் போபால் பெரிய ஏரி. அது என்ன ஏரி தெரியுமா? ஆற்றின் குறுக்கே மண்கரை போட்டுத் தேக்கிய தண்ணீர். பதினோராம் நூற்றாண்டில் போஜ ராஜா கட்டியது என்பது மரபு. நம்ம பாஷையில் சொன்னால், பெரிய கண்மாய்.

ஹைதராபாத்துக்கும் கடல் இல்லை. ஊர் நடுவில் இருக்கிற ஹுசேன் சாகரும் பதினாறாம் நூற்றாண்டில் வெட்டிய செயற்கை ஏரிதான். அங்கே இருக்கிற படகுக் கழகம் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் படகு பழக்கிக் கொடுக்கிறது. அப்படி வந்த ப்ரீத்தி கொங்கரா, அதே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 470 கலப்புப் பிரிவில் இந்தியாவுக்காகப் படகு ஓட்டினார்.

நம்மிடம் பிளவக்கல் இருக்கிறது. வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, குல்லூர்சந்தை அணைகள் இருக்கின்றன. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்காது, எனக்கும் தெரியும். நல்ல மழை பெய்த வருஷத்தில் ஐப்பசிக்கு அப்புறம் சில மாதங்களாவது நிற்கும். சின்னப் பிள்ளைகள் பழகுகிற ‘ஆப்டிமிஸ்ட்’ படகின் நீளம் 2.3 மீட்டர். ஒரு பிள்ளை உட்காரும், ஒரு பாய், ஒரு சுக்கான். அதை மிதக்கவிட சமுத்திரம் வேண்டாம். முதல் பாடத்துக்கு அந்தத் தண்ணீர் போதும். அடுத்த பாடத்துக்குக் கடலுக்குப் போகலாம்.

“இல்லாத ஊரில் எப்படி?” என்று கேட்பவர்களுக்கு நம்ம ஊர்க் கதையையே ஞாபகப்படுத்துகிறேன். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தபோது சிவகாசியில் என்ன இருந்தது? குச்சிக்கு மரம் இருந்ததா? அது கேரளத்திலிருந்து வந்தது. ரசாயனம் இருந்ததா? காகித ஆலை இருந்ததா? அச்சு இயந்திரம் இங்கே விளைந்ததா? ஒன்றும் இல்லை. வெயில் இருந்தது, உழைக்கக் கை இருந்தது, போய்க் கற்றுக்கொண்டு வருகிற துணிச்சல் இருந்தது. இல்லாத பொருளை எல்லாம் வெளியிலிருந்து வரவழைத்து ‘குட்டி ஜப்பான்’ என்று பேர் வாங்கிய ஊர், தன் பெண் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் “இங்கே அது இல்லையே” என்று கையை விரிக்கலாமா?

அடுத்து, பணக்காரர் விளையாட்டு.

இதில் பாதி உண்மை. மறைக்க மாட்டேன். ஒரு போட்டிப் படகு சில லட்ச ரூபாய். சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நம் சென்னை நேத்ரா குமணன். 2021 ஏப்ரலில் ஓமானில் தகுதி பெற்றார். டோக்கியோவில் 35ஆம் இடம், 2024 பாரிஸில் 21ஆம் இடம். அவர் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் தங்கி, ஹங்கேரி நாட்டுப் பயிற்சியாளரிடம் பழகியவர். இதற்கெல்லாம் பணம் வேண்டும். ஆனால் அவர் ஆரம்பித்தது எங்கே? பன்னிரண்டு வயதில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைக்காலப் பயிற்சி முகாமில். ஒரு முகாம் இருந்தது, ஒரு சிறுமி போனாள். நம்ம பக்கம் முகாமே இல்லையே, எந்தச் சிறுமி போவாள்?

தேவாஸ் விவசாயி தன் மகளுக்குப் படகு வாங்கிக் கொடுத்தாரா? இல்லை. படகு, பயிற்சியாளர், விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் அரசு அகாடமி கொடுத்தது. ராணுவமும் கடற்படையும் தங்கள் ஆட்களுக்குப் படகு கொடுத்தார்கள், அவர்கள் பதக்கம் கொண்டுவந்தார்கள். ஒலிம்பிக்கில் இரண்டு முறை ஓட்டிய விஷ்ணு சரவணன் ராணுவத்தில் இருப்பவர். ஆகவே பணக்காரர் விளையாட்டு என்று ஒன்று பிறவியிலேயே கிடையாது. அரசு பணம் போடாத விளையாட்டு பணக்காரர் விளையாட்டாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் கல்லூரிப் படிப்பும் பணக்காரர் சமாச்சாரமாகத்தான் இருந்தது. “அது நமக்கில்லை” என்று விட்டுவிட்டோமா? அரசுப் பள்ளி கேட்டோம், உபகாரச் சம்பளம் கேட்டோம், விடுதி கேட்டோம். வாங்கினோம்.

இப்போது அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆபத்து.

தாயி, உன் பயத்தை நான் கேலி செய்யவில்லை. தண்ணீரில் பிள்ளை போனால் திரும்பி வராது என்பது பெற்ற வயிற்றுக்குத்தான் தெரியும். ஆனால் நாம் எந்த ஊரில் இருந்துகொண்டு ஆபத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசி.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் செத்தவர்கள் 38 பேருக்குக் குறையாது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை ஊர்ப் பெயர்கள்! அந்தப் பெயர்களை நாம் விபத்தின் பெயராகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். செத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்கள் என்று எத்தனை தடவை செய்தியில் படித்திருக்கிறோம். காலையில் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறுகிற மகளை, மருமகளை, மதினியை “ஆபத்து, போகாதே” என்று எந்த வீடு தடுத்தது? தடுக்க முடியாது. அது வயிற்றுப்பாடு. அது எனக்குப் புரிகிறது. எனக்குப் புரியாதது, அந்த ஆபத்துக்கு அனுப்புகிற நாம், உயிர்க்கவசம் மாட்டி, பக்கத்தில் மீட்புப் படகு நிற்க, பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சிறுமி பாய் கட்டி ஓட்டுவதை மட்டும் ஆபத்து என்பது.

பாய்மரப் படகுப் போட்டிக்கு உலகம் முழுவதற்கும் ஒரே விதிப் புத்தகம். அதில் முதல் விதி என்ன தெரியுமா? யார் முந்துவது என்பதைப் பற்றியது அல்ல. ஆபத்தில் இருக்கிற ஆளுக்கோ படகுக்கோ, முடிந்த உதவியை எல்லாம் செய்தே ஆக வேண்டும் என்பதுதான் முதல் விதி. ஜெயித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அப்படி நிறுத்தியதால் இழந்த இடத்துக்கு நியாயம் கேட்கவும் விதியில் வழி இருக்கிறது. காற்று சரியில்லை என்றால் நடுவர் கொடி ஏற்றிப் போட்டியையே ஒத்திவைப்பார். “ஆர்டர் இருக்கு, இன்னைக்கு முடிச்சாகணும்” என்று எவனும் சொல்ல முடியாது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆளை ஓர் அறையில் அடைத்து, இடம் போதாமல் மரத்தடியிலும் உட்காரவைத்து மருந்து வேலை பார்க்கிற கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ‘பாதுகாப்பு இல்லை என்றால் வேலையை நிறுத்து’ என்ற பழக்கம் பதினான்கு வயதில் கையில் வந்துவிட்டால் அது எவ்வளவு பெரிய படிப்பு! நாளைக்கு அவள் ஆலை ஆய்வாளராக வரலாம், தொழிலாளியாகவே வரலாம், முதலாளியாகவும் வரலாம். எதுவாக வந்தாலும் “இந்தச் சூட்டில் மருந்து கலக்க மாட்டேன்” என்று சொல்கிற வாய் அவளுக்கு இருக்கும். அதனால்தான் சிலருக்கு இது பிடிக்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கறுத்துப்போவாள் என்ற அண்ணாச்சிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் ஊரில் வெடிக்கு மருந்து செலுத்தி வெயிலில் உலர்த்துகிற பெண்கள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் உச்சி வெயிலில்தான் நிற்கிறார்கள். அவர்கள் கறுப்பதைப் பற்றி நீங்கள் இதுவரை ஒரு வார்த்தை கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. கூலிக்குக் கறுத்தால் பரவாயில்லை, விளையாடிக் கறுத்தால் குற்றமா? மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுக்கிற பெண்கள் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து முங்கி, அந்தப் பணத்தில் வீட்டை நடத்துகிறார்கள். கடல் பெண்ணுக்கு ஆகாது என்று கடலோரத்திலேயே யாரும் நம்பவில்லை. நாம் ஏன் நம்புகிறோம்?

ஒன்றும் சொல்லாமல் விடக் கூடாது. தொண்டிப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி வைக்கிறார்கள். பரம்பரையான வித்தை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பேர் வைத்த ஜனங்கள். ஆனால் படகில் ஏறுவது ஆண்கள், கரையில் நின்று கை தட்டுவது பெண்கள். அங்கேயும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தோம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். அந்தச் சொல் இன்றைக்கு இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராகி, ஒலிம்பிக்கில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்டுகிற ‘நாக்ரா 17’ வரை போய்விட்டது. சொல் போன இடத்துக்கு நம்ம பெண் போகவில்லை.

வெளி உலகத்தில் இது புதுசும் இல்லை. ஒலிம்பிக்கில் முதன்முதலாக வென்ற பெண்மணி எந்த விளையாட்டில் வென்றார் என்று வகுப்பில் கேட்டால் ஓட்டம், நீச்சல் என்பார்கள். பாய்மரப் படகு. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்துப் படகில் இருந்த எலேன் தெ பூர்த்தலேஸ். அதற்கப்புறமும் பெண்களுக்கென்று தனிப் பிரிவு வர 1988 சியோல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 பாரிஸில் பத்துப் பிரிவு: ஆண்களுக்கு நான்கு, பெண்களுக்கு நான்கு, கலப்பு இரண்டு. சரிபாதி.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பினார்கள். 254 நாள். அதே படகில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி இரண்டே பெண்கள் கிளம்பினார்கள். கேரளத்தின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. 2025 மே கடைசியில் வந்து சேர்ந்தார்கள். ரூபா தமிழ் பேசும் மண்ணின் பெண். எட்டு மாதம், இரண்டு பேர், 56 அடிப் படகு, தென்கடலின் குளிரும் அலையும். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஒருவர்கூட அனுப்பவில்லை. நடிகை கல்யாணச் செய்தி பதினேழு பேர் அனுப்பினார்கள்.

இனி தோழருக்கு. “முதல்ல சோறு, அப்புறம் சொகுசு.”

தோழரே, 1980களில் விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து, தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன காலம் உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு “பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்” என்றபோது இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். ‘முதல்ல சோறு, அப்புறம் படிப்பு.’ 1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு, தொண்டு அமைப்புகள், ஆசிரியர்கள், எல்லாருக்கும் மேலாக அந்தத் தாய்மார்கள் சேர்ந்து பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் நம்ம மாவட்டம் எத்தனையோ வருஷம் மாநிலத்தில் முதல் வரிசை. சோறு வந்த பிறகு படிப்பு என்று காத்திருந்தால் இது நடந்திருக்குமா? கூலியும் கேட்போம், பாதுகாப்பும் கேட்போம், விளையாட்டும் கேட்போம். ஒன்றைக் கேட்டால் மற்றது குறைந்துவிடும் என்று சொல்வது முதலாளி கணக்கு. நீங்கள் ஏன் அந்தக் கணக்கைப் போடுகிறீர்கள்?

ஆனால் அந்த முதல் வரிசைக்கு நம்ம பிள்ளைகள் கொடுத்த விலையும் இருக்கிறது. விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிக்கொள்வது பள்ளிக்குப் பள்ளி வழக்கமாகிவிட்டது. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை தேர்வு. இதில் பையனுக்காவது தெருவில் கிரிக்கெட் உண்டு. பெண் பிள்ளைக்கு?

இங்கேதான் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பாய்மரப் படகுப் போட்டி எல்லாம் சனி ஞாயிறு நடக்கிறது. உலகம் முழுக்க அப்படித்தான், ஏனென்றால் அது ஓய்வு நாள். நம்ம ஊரில் பெண் பிள்ளைக்கு வார இறுதி என்று ஒன்று இருக்கிறதா? சனிக்கிழமை அம்மாவுக்குச் சம்பளப் பட்டுவாடா. ஞாயிற்றுக்கிழமை வாரத் துணி முழுவதும் துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும், வீட்டிலிருக்கிற ஒட்டு வேலையில் அம்மாவுக்குக் கை கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு பிள்ளை இருந்தாள். வட்டார அளவில் ஓட்டத்தில் முதலாவது. மாவட்டப் போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றதும், “டீச்சர், ஞாயித்துக்கிழமைன்னா வர முடியாது, வீட்ல வேலை இருக்கு” என்றாள். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் கொடுமை. இது ஒரு வீட்டின் தப்பு இல்லை. துண்டுக் கணக்கில் கூலி கொடுத்தால், வீட்டிலிருக்கிற அத்தனை கையும் வேலை செய்யத்தான் செய்யும்.

ஆகவே நான் படகு கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. படகு அதற்கு ஒரு காரணம்.

“அப்படியானால் கோகோ, கபடி போதாதா, எதற்குப் படகு?” என்று கேட்கலாம். கோகோ, கபடி வேண்டும், நிறைய வேண்டும். படகு ஏன் என்றால், முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, காற்றுக்கு நேர் எதிராகப் பாய்மரப் படகு போக முடியாது. ஆனால் எதிர்த்த திசையில் இருக்கிற இடத்தை அடைய முடியும். ஏறத்தாழ 45 பாகை சாய்வாக வலப்பக்கம் கொஞ்சம் போய், திருப்பி, இடப்பக்கம் கொஞ்சம் போய், மறுபடி திருப்பி, இப்படி வளைந்து வளைந்தே போய்ச் சேரலாம். பாயில் காற்று தள்ளுகிற விசை, அடியில் இருக்கிற பலகையைத் தண்ணீர் தடுக்கிற விசை, இரண்டும் சேர்ந்து படகை முன்னால் நகர்த்துகிறது. விசைகளின் இணைகரம் என்று கரும்பலகையில் கோடு போட்டால் தூங்குகிற பிள்ளை, கையில் கயிறு இழுபடும்போது ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்ளும்.

இரண்டு, மதிப்பெண். இந்தப் போட்டியில் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. குறைவாக வாங்கியவர் ஜெயிப்பார். ஒரே பந்தயம் கிடையாது, பல பந்தயம். அதில் மிக மோசமாகப் போன ஒன்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். நேஹா தாகூர் ஹாங்சோவில் 11 பந்தயத்தில் வாங்கியது மொத்தம் 32 புள்ளி. மோசமானதன் 5 புள்ளியைக் கழித்து 27. வெள்ளி. ஒரு நாள் காற்று கைவிட்டால் ஆயுள் முடிந்துவிடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஒரே ஒரு தேர்வு, அதில் ஒரு மதிப்பெண் குறைந்தால் தூக்குக் கயிறு தேடுகிற பிள்ளைகளை வளர்த்துவைத்திருக்கிற நமக்கு, இந்தக் கணக்கு தெரிய வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. தப்புச் செய்தால் நடுவர் விசில் ஊதும்வரை காத்திருக்கக் கூடாது. மிதவையைத் தொட்டுவிட்டால் தானாகவே படகை ஒரு சுற்றுச் சுற்றித் தண்டனையை ஏற்றுக்கொண்டு மேலே போக வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றாலும்! நம்ம ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரையும் இந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கோபப்பட்டுவிட்டு விட்டால் அது வெறும் பதிவு. என் கோரிக்கைகள் இவை.

முதலில் நீச்சல். நம்ம அம்மாக்கள் கிணற்றில் குதித்து நீந்தியவர்கள். இன்றைக்குப் பிளஸ் டூ படிக்கிற பெண்களில் நீந்தத் தெரிந்தவர் யார் என்று கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். படகு வருகிறதோ இல்லையோ, ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் நீச்சல் வேண்டும். பெண் பயிற்சியாளர் வேண்டும். உடை மாற்றப் பூட்டுள்ள அறையும் கழிப்பறையும் வேண்டும். அவை இல்லாமல் எந்தத் தாயும் அனுப்ப மாட்டாள், அனுப்பவும் கூடாது.

அடுத்து, ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் நீர்விளையாட்டு அகாடமி அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. நல்ல காரியம். அதில் கடல் இல்லாத மாவட்டத்துப் பெண்களுக்கும், கடலோர மீனவர் வீட்டுப் பெண்களுக்கும் விடுதியோடு இடம் ஒதுக்க வேண்டும். நம்ம சட்டமன்ற உறுப்பினர்களும் மாவட்ட ஆட்சியரும் இதை எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதுவும் நகரத்துப் பிள்ளைகளின் இடமாகிவிடும்.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் முதலாளி அண்ணாச்சிமார்களே, கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நீங்கள் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கட்டிய பரம்பரை உங்களுடையது. அதே கையால் ஆறு சின்னப் படகு, இருபது உயிர்க்கவசம், ஒரு மீட்புப் படகு வாங்கிக் கொடுங்கள். தீபாவளிக்கு அடிக்கிற காலண்டர் செலவில் ஒரு பங்கு ஆகுமா? கூடவே இன்னொன்று: வீட்டு ஒட்டு வேலைக்கு, பிள்ளைகளின் கை இல்லாமலே கட்டுபடியாகிற கூலி கொடுங்கள். படகைவிட இது பெரிய கொடை.

தலைமையாசிரியர்களே, விளையாட்டுப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் தேர்ச்சி விகிதம் விழாது.

அப்பாக்களே, அண்ணன்களே, ஞாயிற்றுக்கிழமைத் துணியை நீங்கள் துவையுங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை.

எல்லாப் பெண்ணும் நேத்ரா குமணன் ஆகப்போவதில்லை. நூறு பேர் பழகினால் இரண்டு பேர் போட்டிக்குப் போவார்கள், அந்த இரண்டு பேரும் முதல் தடவை கடைசியில்தான் வருவார்கள். வரட்டும். கடைசியில் வருவதற்கும் போட்டிக்குப் போயிருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற என் பழைய மாணவிகளுக்கு ஒரு வேலை. உங்கள் மகளிடம் இன்றைக்கு இரண்டு கேள்வி கேளுங்கள். “உனக்கு நீந்தத் தெரியணுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உனக்கே கொடுத்தால் என்ன செய்வே?” அவள் சொல்கிற பதிலைக் கீழே எழுதுங்கள். பேர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பதில்களை அதோடு சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள், விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சேர்ந்தே போவோம்.